க-வில் நின்ற சொல்

மதியச் சாப்பாடு முடிந்து மகள் சுகந்தியும் மாப்பிள்ளை கோகுலும் ஏரியில் படகு சவாரிக்குக் கிளம்பிப் போன பிறகு, பங்களாவின் நீண்ட வராந்தாவில் பிரம்பு நாற்காலி இரண்டை இழுத்துப் போட்டு, ஒன்றில் புருசனை உட்காரச் சொல்லி இன்னொன்றில் தானும் உட்கார்ந்தாள் வசந்தாமணி. உட்கார்ந்ததும் அந்த 'க'வை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டாள். காலையில் கண் விழித்ததிலிருந்து அவர் க, க என்கிறார். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஒரு தடவை, பல் விளக்கிவிட்டு வந்து ஒரு தடவை, இட்லித் தட்டுக்கு முன்னால் ஒரு தடவை. உதடு திறக்கிறது, தொண்டையிலிருந்து ஏதோ ஏறி வருகிறது, க என்று வந்து நின்றுவிடுகிறது, நேற்று மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி உறுமிக்கொண்டே நின்றுபோன மாதிரி. லாரியைக் கண்டால் சும்மா நிற்க முடிகிறதா, இறங்கிப் போய்த் தள்ளத்தான் தோன்றுகிறது. கண்ணாடியா என்று கேட்டாள், கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. கம்பளியா, குளிருதுங்களா என்றாள். கதவைச் சாத்தணுமா, கால் வலிக்குதா, காப்பி இன்னொரு வாய் வேணுமா, கக்கூஸ் போகணுமா. ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார் சென்னியப்பன். ஆட்ட ஆட்ட அவர் முகம் சிவந்ததே தவிர சொல் வரவில்லை, கடைசியில் கையை உதறிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். க-வில் எத்தனையோ சொல் இருக்கிறது. ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்துவிட்டாள். அந்த ஒன்றை மட்டும் அவள் வாயால் கேட்கப் போவதில்லை.

கேட்காமல் இருப்பதற்கு இந்த வீடு நல்ல துணை. எங்கே பார்த்தாலும் பார்க்க ஒன்று இருக்கிறது. காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை தன் சம்சாரத்துக்கு மலைக்காற்று வேண்டும் என்று கட்டினானாம், இப்போது சேலத்துக்காரர் ஒருவர் வாங்கி, ஓட்டுக் கூரையை மாற்றாமல், ஒரு பலகையைப் பெயர்க்காமல், ஹோட்டலாக நடத்துகிறார். அந்தத் துரைசானி கொடுத்து வைத்தவள். நேற்று சாயங்காலம் காரை விட்டு இறங்கி உள்ளே வந்ததும் வசந்தாமணி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள், அவ்வளவு பளபளப்பாக இருந்தது மரத்தரை. சுகந்தி சிரித்து, போட்டுக்கோம்மா, எல்லாரும் போட்டுட்டுத்தான் நடக்கறாங்க என்றாள். ஆனாலும் மனசு வரவில்லை. அந்தப் பலகைகள் நடக்க நடக்க ஒவ்வொன்றும் ஒரு குரலில் முனகின, கோபமில்லாத முனகல், தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர்கள் முனகுகிற மாதிரி. குளியலறையில் சிங்கக் கால் வைத்த தொட்டி. ஜன்னல் கண்ணாடி பழசு, அதற்குள் லேசாக அலை ஓடியிருந்தது, தலையை அசைத்தால் வெளியே நிற்கும் சவுக்கு மரமும் கூடவே நெளிந்தது. படுக்கை விரிப்பை மட்டும் அவள் விரலால் நிமிண்டிப் பார்த்தாள், ஜவுளிக்கடைக்காரியின் விரல் அல்லவா. நல்ல நூல், கரையில் மடிப்புத் தையல் ஒரே சீர், சலவைக்குப் போட்டவன் கஞ்சி அதிகம் போடாத புண்ணியவான். இதையெல்லாம் இவரிடம் சொல்லலாம் என்று திரும்பினால் இவரும் அதே விரிப்பின் மறுமுனையை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்துக்கொண்டார்கள். இப்போது வராந்தாவுக்கு எதிரே சரிவு முழுக்கக் காப்பிச் செடி பூத்திருக்கிறது. போன வாரம் பெய்த மழைக்கு ஒரே நாளில் பூத்ததாம், கிளை தெரியாமல் வெள்ளை. மல்லிகை வாசம்தான், ஆனால் மல்லிகை மாதிரி தலையைச் சுற்றாது. மேலே உயர உயரமாக சில்வர் ஓக் மரங்கள், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி இடுப்பில் சுற்றின சேலையைப் போல ஏறியிருந்தது. இத்தனையும் பார்க்க வைத்தது மாப்பிள்ளை. மாமாவுக்கு ஒரு மாறுதல் வேணும் அத்தை, வீட்டையும் ஆஸ்பத்திரியையும் விட்டு எங்கியாச்சும் நாலு நாள் இருந்துட்டு வரலாம் என்று அவனாகவே ஏற்பாடு பண்ணி, வளைவுக்கு வளைவு காரை மெதுவாக ஓட்டி, அவள் வாந்தி எடுத்த இடத்தில் நிறுத்தி எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தான். நல்ல பையன். அவள்தான் மத்தியானச் சாப்பாட்டில் காரியத்தைக் கெடுத்தாள்.

கெடுத்தாள் என்று யாரும் சொல்லவில்லை. சத்தமில்லாமல் ஆரம்பித்துச் சத்தமில்லாமல் முடிந்தது அது. சாப்பாட்டு அறை பெரிசு, நடுவில் நீள மேசை, சுவரில் குதிரைப் பந்தயப் படங்கள், சித்திரை மாதத்தில்கூட மூலையில் கணப்புக்கு விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டோடு அருளப்பன் என்கிற பரிமாறுகிறவர் வந்து, ஐயா சூப்பு என்ன சாப்பிடறீங்க, தக்காளியா காளானா என்று சென்னியப்பனைப் பார்த்துத்தான் கேட்டார். மனுசனைப் பார்த்து மனுசன் கேட்கிற சாதாரணக் கேள்வி. சென்னியப்பன் நிமிர்ந்தார், வாயைத் திறந்தார். திறந்த வாய் எவ்வளவு நேரம் திறந்திருந்தது? ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் இருக்குமா? அதற்குள் வசந்தாமணி தக்காளிங்க, அவருக்குத் தக்காளி, காரம் கம்மியா என்றுவிட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அருளப்பன் அவர் பக்கமே திரும்பவில்லை. ஐயாவுக்குச் சாதம் வைக்கட்டுங்களாம்மா. ஐயா மீன் சாப்பிடுவாருங்களாம்மா. ஐயாவுக்குத் தயிர் ஒத்துக்குங்களாம்மா. அத்தனையும் பணிவாக, அத்தனையும் அவளைப் பார்த்து. தப்பு அருளப்பன் மேல் இல்லை. வழியைக் காட்டியது இவள், அந்த வழியில் அவர் நடந்தார். ஐயா கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டுக் குதிரைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரிலும் இதே கதைதான், விசாரிக்க வருகிற சொந்தக்காரர்கள் அவரைத் தாண்டி அவளிடம் விசாரிக்கிறார்கள். சிலர் அவரிடமே பேசுவார்கள், ஆனால் காது கேட்காதவரிடம் பேசுகிற மாதிரி கத்திப் பேசுவார்கள். காதுக்கு ஒன்றுமில்லை. அறிவுக்கு ஒன்றுமில்லை. எல்லாம் தெரிகிறது, எல்லாம் புரிகிறது, சொல் மட்டும் வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் சுகந்தி பின்னாலேயே வந்தாள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே, கண்ணாடியில் அம்மாவைப் பார்த்து, "ஏம்மா, ஒரு தடவையாச்சும் அப்பாவைப் பேச உடேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். நான் என்ன அவர் வாயையா பொத்தறேன் என்று கேட்டிருக்கலாம்.

வாயைப் பொத்துவதா. அந்த வாயை! அந்த வாய் பேசுவதைக் கேட்பதற்கென்றே கடைக்குள் வந்தவர்கள் உண்டு. பவானியில் மேட்டூர் ரோட்டில் அவர்கள் கடை ஒன்றும் பெரிசில்லை, மூன்று பக்கம் அலமாரி, தரையில் வெள்ளைத் துணி விரித்த மெத்தை, ஓரத்தில் கல்லா. மெத்தைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து சென்னியப்பன் ஒரு சேலையை எடுத்து உதறினால், அது விரிந்து தரையைத் தொடுவதற்குள் அதன் நிறத்துக்குப் பெயர் சொல்லியிருப்பார். சிவப்பு என்று அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அது அரக்கு, அல்லது குங்குமம், அல்லது மாதுளை முத்து, அல்லது பாக்கு. பச்சை என்றால் எந்தப் பச்சை அம்மிணி என்பார், கிளிப்பச்சையா, ராமர் பச்சையா, வாழைக் குருத்தா, பாசிப்பயறா? வெங்காயத்தோல் நிறம் என்று ஒன்றை எடுத்துப் போடுவார், வேண்டாம் என்று முகம் சுளித்தவள் அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பாள். பொய் சொல்லி விற்கமாட்டார். இது உங்களுக்கு எடுக்காதுங்க, உங்க தங்கச்சிக்கு எடுக்கும், அவங்களைக் கூட்டிட்டு வாங்க என்று நீட்டின காசைத் திருப்பிக் கொடுத்தவர். அவர் பேசப் பேசப் பின்னால் உட்கார்ந்து, பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து மடித்து அடுக்குவது வசந்தாமணியின் வேலை. முப்பது வருசம் மடித்தாள். மடித்துக்கொண்டே கேட்டாள். ஒரே சேலைக்கு ஒரே பேச்சை இரண்டு தடவை பேசமாட்டாரே இந்த மனுசன், எங்கிருந்து வருகிறது இவருக்கு என்று ஒவ்வொரு நாளும் ஆச்சரியப்பட்டாள். ஒரு நாளாவது அதை அவரிடம் சொன்னாளா? சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை, கிணற்றில் தண்ணீர் இருப்பதற்கு யார் போய்க் கிணற்றைப் பாராட்டுகிறார்கள். போன ஆடித் தள்ளுபடியில், கடை நிறைந்த கூட்டத்தில், ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மயில்கழுத்து நிறத்தை எடுத்து உதறினார். சேலை விரிந்தது, தரையைத் தொட்டது, பெயர் வரவில்லை. பெண்ணின் அம்மா சிரித்துக்கொண்டே காத்திருந்தாள். வசந்தாமணியும் சிரித்தாள், வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்தாள். பிறகுதான் அவர் வலது கையிலிருந்து சேலையின் நுனி நழுவியதைப் பார்த்தாள்.

வாதத்தில் விழுந்த கை வந்துவிட்டது. கால் வந்துவிட்டது. பேச்சு மட்டும் பாதி வழியில் நிற்கிறது. வருகிற சொல்லும் இடம் மாறி வருகிறது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முதன்முதலில் அவர் கேட்டது முந்தானை. முந்தானை, முந்தானை என்று கையை நீட்டினார், அவள் பயந்துபோய்த் தன் முந்தானையைக் கொடுத்தாள், கடைசியில் பார்த்தால் அவர் கேட்டது தண்ணீர். பெரிய டாக்டரை ஜாக்கெட் என்றார். ரெண்டு இட்லி என்பதற்கு எட்டு இட்லி என்பார், எட்டு வைத்தால் கோபித்துக்கொள்வார். அவள் இதற்குத் தனக்குத்தானே ஒரு விளக்கம் வைத்திருக்கிறாள், சரக்கு எதுவும் தொலைந்து போகவில்லை, யாரோ ராத்திரியோடு ராத்திரியாக அலமாரியை மாற்றி அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள், இவர் பழைய தட்டில் கையை விட்டால் வேறு துணி வருகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஜெசிந்தா என்ற பெண்ணும் கிட்டத்தட்ட அதையே சொன்னாள். தேடி எடுக்க அவருக்கு நேரம் குடுங்கம்மா, நீங்க எடுத்துக் குடுத்துட்டா அவர் தேடமாட்டார் என்றாள். வசந்தாமணி சரி என்றுதான் வந்தாள். ஆனால் ஜெசிந்தாவுக்கு என்ன, அவள் அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறவள். கண் முன்னால் ஒருவர் திணறுகிறபோது, அந்தச் சொல் தன் நாக்கு நுனியில் தயாராக இருக்கிறபோது, கொடுக்காமல் எப்படி இருப்பது, தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லுகிற மாதிரி அல்லவா இருக்கிறது. இப்படித்தான் எப்போதும் சொல்லிக்கொள்வாள். இன்றைக்கு இந்த வராந்தாவில், காப்பிப் பூவுக்கு முன்னால், அந்தப் பதில் கொஞ்சம் சரிந்து, அதற்கடியில் இருந்தது தெரிந்தது. பேசுவது அவளுக்குப் பிடித்துப் போயிருக்கிறது. கடையை மூட மனசில்லாமல் ஆவணியில் அவளே மெத்தையில் போய் உட்கார்ந்தாள், முதல் நாள் தொண்டை வறண்டு போய்விட்டது, இரண்டாம் நாள் ஒரு கிழவியிடம் இது தேன் நிறமுங்க, ஆனா கொம்புத்தேன் என்றாள். எங்கிருந்து வந்தது அது? முப்பது வருசமாக மடித்து மடித்து அடுக்கியதில் அவர் பேச்சும் சேர்ந்து அடுக்கியிருந்தது போல. இப்போது வருகிறவர்கள் அக்கா இருக்காங்களா என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ராத்திரி படுத்தால் அன்றைக்குத் தான் பேசியதைத் தானே ஒரு தடவை கேட்டுப் பார்த்துக்கொள்கிறாள், இனிப்பு சாப்பிட்டுவிட்டு உதட்டை நக்கிக்கொள்கிற மாதிரி. அதனால்தான் அந்த ஒரு 'க'வை அவள் கேட்கவில்லை. கடை. கடைக்கு வருகிறேன், என் இடத்தை விடு என்று அவர் கேட்கப் போகிறாரோ. கேட்டால் விடத்தான் வேண்டும். விட்டுவிட்டு மறுபடி பின்னால் போய் மடிக்க உட்கார்ந்தால் இந்தத் தொண்டையை எங்கே கொண்டுபோய் வைப்பது. சே, இது என்ன நினைப்பு, அவர் பேச வேண்டும் என்று வேண்டாத கோயில் இல்லை, அவர் பேசிவிடுவாரோ என்று இங்கே உட்கார்ந்து பயப்படுகிறாள்.

பக்கத்து நாற்காலியில் சத்தமில்லை. திரும்பிப் பார்த்தாள், தலை சாய்ந்திருந்தது, கண் மூடியிருந்தது. சட்டையைப் பார்த்தாள். மார்பு ஏறுகிறதா? இரண்டாவது பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் சட்டை ஆடுகிறதா, மூச்சில் ஆடுகிறதா. ஏறியது, இறங்கியது, ஏறியது. இன்னொரு தடவை வராமல் பார்த்துக்குங்க என்று டாக்டர் சொன்னார், வராமல் பார்ப்பது என்றால் இப்படிப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருப்பதா. தூங்கும்போது அவர் முகம் பழைய முகம்தான். வாய் ஓரத்தில் விழுந்திருந்த கோணல்கூட இப்போது தெரியவில்லை. எத்தனை பொறுமை இந்த மனுசனுக்கு. அவளாக இருந்தால் தட்டை விட்டெறிந்திருப்பாள். தினமும் விடிந்ததும் பூஜை அறையில் நின்று, சாமிப் படத்தைப் பார்த்து இல்லை, நாள்காட்டியைப் பார்த்து, அன்றைய கிழமையைச் சொல்லப் பழகுகிறார். திங்கள் என்பதற்குத் துப்பட்டா என்று வந்தால் தலையில் ஒரு தட்டு தட்டிக்கொண்டு மறுபடி. வரும் வரைக்கும் காலைச் சாப்பாட்டுக்கு வருவதில்லை. அவள் அடுப்படியிலிருந்து திங்கள், திங்கள் என்று குரல் கொடுத்திருக்கிறாள். உதவி என்று நினைத்துத்தான் கொடுத்தாள். அப்படிக் குரல் கொடுத்த நாட்களில் அவர் சாப்பிட வரும்போது முகம் எப்படி இருந்தது? நினைத்துப் பார்த்தாள். ஞாபகம் வந்தது, வேண்டாம் என்று தள்ளினாள், போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் பையனின் சிலேட்டைப் பிடுங்கிப் பக்கத்துப் பையன் விடை எழுதிக் கொடுத்துவிட்டால் இருக்கிற முகம். சரிவிலிருந்து மூடுபனி காப்பிச் செடிகளுக்குள் நுழைந்து ஏறிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். உதடு பிரிந்தது. க, என்றார். வசந்தாமணிக்குப் பழக்க தோஷம், கம்பளி எடுத்துட்டு வரட்டுங்களா என்று எழுந்தே விட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அருளப்பன் வரும்போது பனி வராந்தாத் தூண் வரைக்கும் வந்திருந்தது. சாயங்கால டீக்கு வராந்தாவிலேயே வந்து கேட்பது அந்த பங்களாவின் வழக்கம், துரை காலத்திலிருந்து அப்படியாம். மரத்தரை முனக முனக வந்து, தட்டை மார்போடு அணைத்துப் பிடித்து, குனிந்து, மிகவும் மரியாதையாக, "அம்மா, டீயா காப்பியாங்க? ஐயாவுக்கு என்ன கொண்டாரட்டும்?" என்று அவளிடம் கேட்டார். வசந்தாமணி வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டது அவளுக்கே வியப்பாக இருந்தது. கை கழுவுகிற இடத்துக் கண்ணாடியில் மகளின் ஈர முகம் வந்து போயிற்று. சரி, இருப்போம், ஒரு தடவை இருந்து பார்ப்போம். சில்வர் ஓக் மரத்தைப் பார்த்தாள். அருளப்பன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படிப் பார்த்தது இன்னும் கஷ்டமாக இருந்தது, பதில் தெரிந்தவளிடம் கேட்டுவிட்டு நிற்கிற பார்வை. பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது, சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். க, என்றார். அவள் பல்லுக்குப் பின்னால் காப்பி என்ற சொல் வந்து முட்டியது. க, க. இதோ, காப்பிதானே, மூன்று எழுத்து, யாருக்குத் தெரியாது, அருளப்பனுக்கே தெரிந்திருக்கும், சொன்னால் முடிந்தது, எல்லாருக்கும் நிம்மதி. பனி குளிர்ந்தது. அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு துடித்தது. மகள் சொன்னது சரி, ஜெசிந்தா சொன்னது சரி, ஆனால் ஒரு வயசான மனுசனை வேற்றாள் முன்னால் இப்படி எவ்வளவு நேரம்தான் தவிக்க விடுவது, பாவம், போதும், "அவருக்குக் காப்—"

"கம்முனு இரு" என்றார் சென்னியப்பன்.

கத்தவில்லை. சாதாரணக் குரல். கடையில் சத்தம் போடுகிற பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லுகிற குரல். அருளப்பன் சட்டென்று தோட்டத்தைப் பார்த்தார், தோட்டத்தில் ஏதோ அவசரமாகப் பார்க்க வேண்டியது இருப்பதைப் போல. வசந்தாமணிக்கு முகம் குப்பென்று சூடாயிற்று. முப்பது வருசத்தில் இந்த மனுசன் அவளைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததில்லை, அவள்தான் பேசினதே இல்லையே. ஒரு வேற்றாள் முன்னால், அதுவும் இத்தனை செய்து, இத்தனை ராத்திரி பொத்தானைப் பார்த்து விழித்திருந்து, கம்முனு இரு என்பதா என்று பொங்கி வந்த நினைப்பு பாதியிலேயே தடுக்கி நின்றது. என்ன சொன்னார்? கம்முனு இரு. இரண்டு சொல். முதல் சொல் க-வில் தொடங்கி நிற்காமல் ஓடியது, இரண்டாவது சொல் அதன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது, முழுசாக முடிந்தது, இடம் மாறவில்லை, முந்தானை இல்லை, ஜாக்கெட் இல்லை. ஆடிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம். அப்புறம்தான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. காலையில் கண் விழித்ததும் அவள் பேச்சைத் தொடங்க, கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இதைத்தான் சொல்ல வந்திருக்கிறார். பல் விளக்கிவிட்டு வந்து இதைத்தான். இட்லிக்கு முன்னால் இதைத்தான். அவர் கம்முனு இரு என்று சொல்ல வருவதற்குள் அவள் கம்பளியா என்றாள், கதவா என்றாள், கக்கூஸா என்றாள். கம்முனு இருந்திருந்தால் காலையிலேயே வந்திருக்கும். வயிற்றின் அடியிலிருந்து சிரிப்பு ஒன்று எழும்பி வந்தது, இப்போது சிரித்தால் அதுவும் பேச்சுதான் என்று உதட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். புருசன் சொன்னபடி கம்முனு இருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது மெதுவாக நடந்தது, அவ்வளவு மெதுவாக அவள் எதையும் இதற்கு முன் பார்த்ததில்லை. அருளப்பன் இந்தத் தடவை அவர் பக்கம் திரும்பி நின்றார். காப்பி, என்றார் சென்னியப்பன். இவளுக்கும், என்றார். நடுவில் பனி ஒரு தூணை விழுங்கிவிட்டு அடுத்த தூணுக்குப் போனது. அப்புறம் பாவாடை என்றார். அருளப்பன் என்னங்கய்யா என்று குனிந்தார். இல்லை, இல்லை என்று அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, கண்ணை மூடி, உள்ளே எங்கேயோ ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்தார். அவர் கையைவிட்டுத் தேடுவது அவளுக்குத் தெரிந்தது, நெற்றி நரம்பு அசைவதில் தெரிந்தது. இத்தனை நாளும் சொல் வந்ததா இல்லையா என்றுதான் பார்த்திருக்கிறாள், தேடுகிறவரைப் பார்த்ததில்லை. என்ன தைரியம் வேண்டும் அதற்கு. இருட்டு வீட்டுக்குள் ஒவ்வொரு நாளும் இறங்கி, தடவித் தடவி, தப்பாக ஒன்றைக் கொண்டு வந்து எல்லார் முன்னாலும் வெளிச்சத்தில் காட்டி, அசடு வழிந்து, மறுபடி இறங்குவதற்கு. சேலையை உதறிக்கொண்டே சரளமாக நிறம் சொன்னபோது இருந்ததைவிட இப்போது இவர் பெரிய ஆளாகத் தெரிந்தார். பஜ்ஜி, என்றார் சென்னியப்பன். வாழைக்காயா மொளகாயாங்கய்யா? வாழ. எத்தனை பிளேட்டுங்கய்யா? எட்டு, என்றார். அருளப்பனின் கண் ஒரு கணம் அவள் பக்கம் வந்தது. இரண்டு என்பதுதான் எட்டாக வருகிறது என்று அவளுக்குத் தெரியும், உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் மிளகுக் கொடியைப் பார்த்தாள். எட்டுங்களாய்யா, என்று அருளப்பன் அவரிடமே கேட்டார். "எட்டு" என்று அவர் அழுத்திச் சொன்னார், அருளப்பன் சரி என்று போய்விட்டார். கடை வேண்டும் என்றால் அதையும் இவரே ஒருநாள் கேட்பார். எப்போது வருமோ அப்போது வரட்டும், நாம் எடுத்துக் கொடுக்க வேண்டாம், மறைத்தும் வைக்க வேண்டாம். மெத்தை ஒன்றும் சின்னதில்லை, இரண்டு பேர் சம்மணம் போட்டு உட்காரலாம். ஒரு சேலைக்கு அவர் பெயர் தேடட்டும், பக்கத்துச் சேலைக்கு நான் பேசிக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் காத்திருக்கட்டும். ஒரு நிறத்துக்குப் பெயர் கிடைக்கிற வரைக்கும் காத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்.

பஜ்ஜி வந்தது. அருளப்பன் ஒரு தட்டோடு வந்தார், பின்னால் இன்னொருவர் ஒரு தட்டோடு வந்தார். நாற்காலிகளுக்கு நடுவில் இருந்த சின்ன மேசை போதாமல் உள்ளேயிருந்து இன்னொரு மேசை தூக்கி வந்து போட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பீங்கான் தட்டுகள் இறங்கிக்கொண்டே இருந்தன, எண்ணெய் மினுமினுக்கும் பஜ்ஜி, பக்கத்தில் தேங்காய்ச் சட்னி, ஒவ்வொரு தட்டிலும் மடித்து வைத்த துணிக் கைக்குட்டை. சென்னியப்பன் தட்டுகளைப் பார்த்தார். வலது கை விரலை நீட்டி மனசுக்குள் எண்ணினார். அவருக்கு விளங்கிவிட்டது. திரும்பி மனைவியைப் பார்த்தார், அவள் உதட்டைப் பூட்டிக்கொண்டு, அந்த மலையில் மிளகுக் கொடியைத் தவிர வேறெதுவுமே இல்லாத மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவள் பயந்து திரும்பினாள். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்புக்குப் பூட்டு ஒன்றும் இல்லை, அது பழைய மாதிரியே, தொண்டையைத் திறந்து, கண்ணில் தண்ணீர் வர வந்தது. அவளும் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் உள்ளே யாரோ ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். பிறகு அவர் ஒரு பஜ்ஜியைப் பிட்டு, ஊதி, சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டார். அவளும் எடுத்துக்கொண்டாள். சூடு பனியோடு சேர்ந்து நாக்கில் இதமாக இருந்தது.

முதல் தட்டு காலியாகும்போது சுகந்தியும் கோகுலும் வந்தார்கள். ஏரியில் பனி இறங்கிவிட்டதால் படகை நிறுத்திவிட்டார்களாம். தலைமுடியெல்லாம் ஈரத் துளியோடு படியேறி வந்த சுகந்தி, இரண்டு மேசை நிறைய இருந்த தட்டுகளைப் பார்த்து அப்படியே நின்றாள். "ஏம்மா, இதென்ன இத்தனை? யாரு சொன்னது?" என்று அம்மாவிடம் கேட்டாள். மாப்பிள்ளையும் அத்தையைத்தான் பார்த்தான். வசந்தாமணி வாயில் இருந்ததை மென்றாள். மெல்ல எதுவும் இல்லாமல் போன பிறகும் மென்றுகொண்டிருந்தாள். மகளின் பார்வையைப் பிடித்து, கண்ணாலேயே அதைப் பக்கத்து நாற்காலிக்குக் கொண்டுபோய் விட்டாள். சுகந்திக்குப் புரிந்தது, அப்பாவைப் பார்த்து நின்றாள். பனி வராந்தாவுக்குள் வந்து நாலு பேருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது. தூரத்தில் ஏதோ ஒரு வண்டி வளைவில் ஏறுகிற சத்தம் கேட்டு, தேய்ந்து, இல்லாமல் போயிற்று. சென்னியப்பன் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். அவசரமே படவில்லை.

"நான்" என்றார். அப்புறம் சுவரோரம் கிடந்த நாற்காலியைக் காட்டி, "உக்காரு. சாப்பிடு" என்றார்.